அத்தியாயம் 7: ஆங்கிலத்தில் ஒரு சொந்தக் கடிதம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிஸ்கட்டவேயில் பத்து ஆண்டுகளாகக் குடியிருப்பவர். அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர். பக்கத்து வீட்டுப் பெண்மணியின் கணவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்த அன்று மட்டும் அவருக்குக் கை ஓடுவதில்லை. கடைக்குப் போய் ஓர் அட்டை வாங்குகிறார். உள்ளே அச்சாகியிருக்கும் வாசகத்துக்குக் கீழே வீட்டார் பெயர்களை வரிசையாக எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். அந்த அட்டையை யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். இந்த அத்தியாயம் அவருக்காக.

அவருடைய ஆங்கிலம் போதும். அவர் கற்ற கடிதம்தான் வேறு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலக் கடிதம் என்றால் முதலில் வருவது விடுப்புக் கடிதம். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கி "தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடியும். அது மனு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர்களின் கடிதமும் அதே அச்சில்தான் இருக்கும். கீழே நிற்பவர் மேலே இருப்பவரிடம் ஒன்றைக் கேட்பதற்கான வடிவம் அது. சொந்தக் கடிதத்தில் மேல் கீழ் கிடையாது, கேட்பதற்கும் எதுவும் கிடையாது. மனுவின் பழக்கங்களைக் கழற்றி வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் ஆங்கிலம் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான்.

மாதிரி வரிகளை ஆங்கில ஒலியிலேயே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலில் ஒன்றிரண்டு தவறினால் யாரும் வருந்தப்போவதில்லை. பேச்சு போல ஓடுவதுதான் முக்கியம். பெயர்கள் எல்லாம் மாதிரிக்கு வைத்தவை: பக்கத்து வீட்டுப் பெண்மணி லிண்டா, இறந்துபோன அவர் கணவர் பில்.

எடுத்து வைக்க வேண்டியவை

உள்ளே எதுவும் அச்சாகாத வெற்று அட்டை ஒன்று. கடையில் "பிளாங்க் கார்ட்" என்று கேளுங்கள். வாசகம் அச்சான அட்டையில் நீங்கள் எழுத இடம் இருக்காது. இருந்தாலும், அச்சான அழகான வரிக்குப் பக்கத்தில் நம் வரி கூச்சப்படும். கூடவே நீள்சதுர உறை, கருப்பு அல்லது நீல ஜெல் பேனா, திருத்தி எழுத ஒரு தாள். வீட்டில் இரைச்சல் என்றால் ஹோஸ் லேனில் உள்ள கென்னடி நூலகத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேனாவை எடுக்கும் முன் இரண்டு குறிப்புகள்:

ஒன்று, எழுத்துகளைச் சேர்த்து எழுதாதீர்கள். நியூ ஜெர்சி உள்படப் பல மாநிலங்கள் 2010-இல் ஏற்றுக்கொண்ட 'காமன் கோர்' பாடத் தரத்தில் கூட்டெழுத்து இடம்பெறவில்லை. அதன்பின் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பலருக்கு அதைப் படிக்கவே தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, அச்செழுத்துப் போல எழுதுங்கள்.

இரண்டு, தேதியில் மாதத்தின் பெயரைச் சொல்லாகவே எழுதுங்கள். நமக்கு 3/5 என்பது மே 3. அமெரிக்கருக்கு அது மார்ச் 5.

எழுதும் வரிசை

1. இந்தக் கடிதம் ஏன் என்று தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "பில் போனதில் எனக்கும் வருத்தம் என்று லிண்டாவுக்குத் தெரிய வேண்டும்." அவ்வளவு போதும். அந்த வாக்கியத்தில் "அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடலாம்" என்று வந்தால், அந்த இன்னொன்றை வேறு நாளைக்கு ஒதுக்குங்கள்.

2. அந்த மனிதரைப் பற்றி நீங்கள் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். "நல்ல மனிதர்", "உதவும் குணம்" என்பவை யாருக்கும் பொருந்தும். பனிக்காலத்தில் அவர் உங்கள் வீட்டு நடைபாதையிலும் உப்புத் தூவிவிட்டுப் போனது அவருக்கு மட்டும் பொருந்தும். கடிதத்தின் உயிர் இந்த ஒரு நிகழ்ச்சிதான். இது கிடைக்கும்வரை எழுதத் தொடங்காதீர்கள்.

3. அதை ஒரு நண்பரிடம் தொலைபேசியில் சொல்வதுபோலத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் மாறுகிறதோ அதுதான் எழுத வேண்டிய இடம்.

4. சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாகத் தாளில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம். தமிழில் எச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் ஒரு வாக்கியத்தில் ஒரு கதையையே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அதே பழக்கத்தில் "விச்", "தட்", "அண்ட்" என்று இழுத்தால் நடுவில் காலம் தவறும், எழுவாய் தொலையும். முற்றுப்புள்ளி வைக்கத் தயங்காதீர்கள்.

5. முதல் வாக்கியத்தை வெட்டிவிட்டுப் படியுங்கள். பெரும்பாலும் கடிதம் இரண்டாவது வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கும். "ஐ ஆம் ரைட்டிங் திஸ் லெட்டர் டு இன்ஃபார்ம் யூ", "ஐ ஆம் ஃபைன் ஹியர், ஹோப் யூ ஆர் ஆல்சோ ஃபைன்" போன்றவை தொண்டையைச் செருமிக்கொள்வது. வெட்டினால் எதுவும் குறையாது.

6. உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அவரை நேரில் பார்த்தால் சொல்ல மாட்டீர்கள் என்று தோன்றும் சொல்லை எடுத்துவிடுங்கள்.

7. அட்டையில் படியெடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரி. அதற்கு மேல் எழுத நிறைய இருந்தால் தனித்தாளில் எழுதி அட்டைக்குள் வையுங்கள்.

இலக்கணம் சரிபார்க்கக் கணினியின் துணையை நாடுவதில் தவறில்லை. முழுக் கடிதத்தையும் அதையே எழுதச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். வழவழப்பாக எழுதித் தரும். ஆனால் உப்புத் தூவியது அதற்குத் தெரியாது. சரிபார்க்கும்போது பிறர் பெயரையும் நோய் விவரத்தையும் எடுத்துவிட்டு ஒட்டுங்கள். அந்தத் துக்கம் அவர்களுடையது.

யாரை எப்படி அழைப்பது

எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லி "டியர் லிண்டா" என்று எழுத நமக்கு நாக்கு எழாது. விதி எளிது: அவர் உங்களிடம் எப்படி அறிமுகம் செய்துகொண்டாரோ அப்படியே எழுதுங்கள். "ஐ ஆம் லிண்டா" என்று கைகுலுக்கியவரை "ரெஸ்பெக்டட் மேடம்" என்று அழைத்தால், பழகிய நெருக்கத்தை நீங்களே விலக்கிவிட்டதாக அவருக்குத் தோன்றும். மரியாதையைக் கடிதத்தின் உள்ளே காட்டுங்கள். "லிண்டா ஆன்ட்டி" என்பதை, உங்கள் பிள்ளைகள் அவரை அப்படிக் கூப்பிட்டு அவரும் அதை விரும்பினால் மட்டும் எழுதலாம்.

ஆசிரியருக்குக் குடும்பப் பெயரோடு எழுதுவதே முறை. பெண் என்றால் 'எம்', 'எஸ்' என்ற இரண்டெழுத்து அடைமொழி. அவர் மணமானவரா என்ற கேள்வியே எழாது. பள்ளியில் அவரை "மிஸஸ்" என்று அழைப்பது தெரிந்தால் அதையே எழுதுங்கள். வெறும் "டியர் மிஸ்", "டியர் சார்" வேண்டாம். விளிப்புக்குப் பின் காற்புள்ளி போதும்; முக்காற்புள்ளி தொழில் கடிதத்துக்கு.

முடிப்பில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி", "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆசிரியருக்கு "சின்சியர்லி", பழகிய அயலாருக்கு "வார்ம்லி", துக்கத்தில் "வித் சிம்பதி", நெருங்கியவருக்கு "லவ்". அமெரிக்கரிடையே "லவ்" என்று முடிப்பது சாதாரணம். பெண்கள் பக்கத்து வீட்டுத் தோழிக்கு இப்படித்தான் எழுதுகிறார்கள்.

கையெழுத்தில் நமக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. "எஸ். மீனாட்சி" என்று முன்னெழுத்தோடு போட்டால், முன்னால் இருப்பதுதான் உங்கள் சொந்தப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதை மட்டும் எழுதுங்கள். "மீனா, நெக்ஸ்ட் டோர்" என்று அடையாளமும் சேர்த்தால் நல்லது. துக்க வீட்டில் நூறு அட்டை வரும். எந்த மீனா என்று அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இரங்கல் கடிதம்

கடிதங்களிலேயே கடினமானது இது. அதனால்தான் பலரும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இனிமேல் எழுதினால் நன்றாக இருக்காது என்று விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வழக்கத்தில் துக்கம் கேட்க நேரில் போவோம். போய் உட்கார்ந்தால் போதும், பேச்சே வேண்டியதில்லை. இங்கே சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் போக முடியாது. சவப்பெட்டி வைத்திருக்கும் இறுதிச்சடங்கு நிலையத்தில் ஓரிரு மணி நேரம் பார்வைக்கு ஒதுக்குவார்கள், அதோடு சரி. நாம் போய் உட்கார்ந்திருக்கும் அந்த வேலையை இங்கே கடிதம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. எழுதியே தீருங்கள். இரண்டு வாரத்துக்குள் எழுதினால் நல்லது. மூன்று மாதம் கழிந்திருந்தாலும் எழுதுங்கள். எல்லாரும் வந்துபோன பிறகு வரும் கடிதத்தைத்தான் தனியாக இருப்பவர் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார்.

மாதிரி:

டியர் லிண்டா,

ஐ ஆம் சோ சாரி அபவுட் பில்.

வென் வீ மூவ்ட் இன், ஹீ வாஸ் தி ஃபர்ஸ்ட் பர்சன் டு நாக் ஆன் அவர் டோர். தட் ஜனவரி ஹீ ஷோட் மை ஹஸ்பண்ட் ஹௌ டு ஸ்டார்ட் தி ஸ்னோ ப்ளோயர். மை சன் ஸ்டில் டாக்ஸ் அபவுட் தி டொமேட்டோஸ் ஹீ கேவ் அஸ் எவ்ரி ஆகஸ்ட்.

ஐ வில் பிரிங் டின்னர் ஆன் தர்ஸ்டே அட் சிக்ஸ். இஃப் தட் இஸ் நாட் எ குட் டைம், ஜஸ்ட் டெக்ஸ்ட் மீ.

வித் லவ்,
மீனா, நெக்ஸ்ட் டோர்

பில் போனதில் எனக்கு மிகவும் வருத்தம். நாங்கள் குடிவந்தபோது முதலில் வந்து கதவைத் தட்டியவர் அவர்தான். அந்த ஜனவரியில் பனி தள்ளும் எந்திரத்தை எப்படிக் கிளப்புவது என்று என் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வோர் ஆகஸ்டிலும் அவர் கொடுத்த தக்காளியைப் பற்றி என் மகன் இன்னும் பேசுகிறான். வியாழக்கிழமை ஆறு மணிக்கு இரவு உணவு கொண்டுவருகிறேன். அந்த நேரம் சரிப்படாவிட்டால் ஒரு குறுஞ்செய்தி போதும். இவ்வளவுதான் கடிதம்.

இறந்தவர் பெயர் முதல் வரியிலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள். "யுவர் லேட் ஹஸ்பண்ட்" என்று எழுதாதீர்கள். அவருக்கு அவர் இன்னும் பில்தான். அடுத்து, மூன்று வாக்கியத்தில் மூன்று காட்சி. அதில் ஒன்றிலும் உணர்ச்சிச் சொல் இல்லை. கடைசியில் ஓர் உதவி, நாளும் நேரமும் குறித்து. "லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்கும் பாரத்தை அது துக்கப்படுபவர் தலையிலேயே வைக்கிறது. சாப்பாடு முடியாவிட்டால் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளி வைப்பது, புல் வெட்டுவது, பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவருவது என ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள்.

இரங்கல் கடிதத்தில் அடிக்கடி நேரும் பிழைகள்:

- "எக்ஸ்பயர்ட்" என்று எழுதுவது. இங்கே காலாவதியாவது பால் பாக்கெட்டும் ஓட்டுநர் உரிமமும்தான். மனிதருக்கு "பாஸ்ட் அவே" அல்லது வெறுமனே "டைட்".

- எப்படி இறந்தார், என்ன நோய், எந்த மருத்துவமனை என்று விசாரிப்பது. நேரில் நாம் அக்கறையோடு கேட்பது இது. எழுத்தில் வேண்டாம்.

- "அட் லீஸ்ட்" என்று தொடங்கும் எந்த வாக்கியமும். நன்றாக வாழ்ந்துவிட்டார், கஷ்டப்படாமல் போனார், இன்னொரு பிள்ளை இருக்கிறதே என்றெல்லாம் ஆறுதல் சொல்வது கல்யாணச் சாவு பழகிய நம் காதுக்கு இதமாக இருக்கலாம். ஆங்கிலத்தில் அது, உன் துக்கம் சிறியது என்று சொல்வதாகப் படும்.

- அவர் நம்பிக்கை தெரியாமல் சொர்க்கம், கர்மா, மறுபிறவி பேசுவது. யூதக் குடும்பம் என்று தெரிந்தால் "மே ஹிஸ் மெமரி பி எ பிளெஸிங்" என்பது அவர்கள் மரபிலேயே உள்ள வாசகம். எந்த மதம் என்று தெரியாவிட்டால் "வீ வில் மிஸ் ஹிம்" எல்லாருக்கும் பொருந்தும்.

சாப்பாடு கொண்டுபோவதாக எழுதினால் பாதுகாப்புக் கருதி ஒன்று: முந்திரி, நிலக்கடலை, எள், பால் எதில் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் மேல் ஒட்டுங்கள். குருமாவில் அரைத்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது. வந்திருக்கும் உறவினர்களில் யாருக்கு ஒவ்வாமை என்று உங்களுக்குத் தெரியாது. திருப்பிக் கேட்க வேண்டியிராத பாத்திரத்தில் கொடுங்கள்.

ஆசிரியருக்கு நன்றிக் கடிதம்

மே மாதத்தின் முதல் முழு வாரம் ஆசிரியர் பாராட்டு வாரம். அப்போது பரிசு அட்டைகள் குவியும். எழுதிய கடிதம் குறைவாகத்தான் வரும். இதற்கும் அதே விதி: ஒரு நிகழ்ச்சி.

டியர் எம்.எஸ். கார்ட்டர்,

இன் அக்டோபர், அருண் வுட் நாட் ரீட் அலௌட் ஈவன் அட் ஹோம். லாஸ்ட் நைட் ஹீ ரெட் எ ஹோல் புக் டு ஹிஸ் கிராண்ட்மதர் ஓவர் தி ஃபோன். ஷீ இஸ் இன் திருநெல்வேலி. தேங்க் யூ ஃபார் பீயிங் பேஷண்ட் வித் ஹிம்.

அக்டோபரில் வீட்டில்கூட வாய்விட்டுப் படிக்க மறுத்த பையன், நேற்று இரவு திருநெல்வேலியில் இருக்கும் பாட்டிக்குத் தொலைபேசியில் ஒரு புத்தகம் முழுவதையும் படித்துக் காட்டினான். பொறுமையாக இருந்ததற்கு நன்றி. வகுப்பில் என்ன நடந்தது என்பது ஆசிரியருக்குத் தெரியும். வீட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதைக் கொடுங்கள்.

மதிப்பெண், அடுத்த ஆண்டு வகுப்பு, கணக்குப் பிரிவை மாற்றுவது எதையும் இந்தக் கடிதத்தில் நுழைக்காதீர்கள். நுழைத்த அந்தக் கணமே அது மனுவாகிவிடும்.

விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் புஷ், லிவிங்ஸ்டன் வளாகங்கள் பிஸ்கட்டவேக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே படிக்கும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. கோவையிலோ காரைக்குடியிலோ இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வருகிறது. பத்து மைல் தள்ளி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதே நிலைதான்.

மு. வரதராசனின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' போன்ற நூல்கள் ஒரு தலைமுறைக்குச் சொல்ல விரும்பிய கருத்துகளைக் கடித வடிவில் சொன்னவை. அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இளையவருக்குக் கடிதம் என்றவுடனே அறிவுரை வரிசைகட்டி வந்துவிடும். நன்றாகப் படி, நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, செலவைக் குறை. இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டியவர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதியவற்றில் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் குரல் கேட்கும். அறிவுரை கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு வரி, அதுவும் கடைசிக்கு முந்திய வரியாக.

டியர் கண்ணா,

தி முருங்கை ட்ரீ நியர் தி வெல் ஃபெல் டவுன் இன் லாஸ்ட் வீக்'ஸ் ரெயின். யூ யூஸ்ட் டு சிட் அண்டர் இட் வித் எ ஸ்டிக் அண்ட் கவுன்ட் தி ஆன்ட்ஸ். தாத்தா ஹாஸ் பிளான்டட் எ பிராஞ்ச் ஃப்ரம் இட் நியர் தி காம்பவுண்ட் வால். ஹீ கோஸ் டு லுக் அட் இட் எவ்ரி மார்னிங் பிஃபோர் காபி.

கிணற்றடி முருங்கை போன வார மழையில் சாய்ந்துவிட்டது. நீ அதன் கீழ் குச்சியோடு உட்கார்ந்து எறும்பு எண்ணுவாய். தாத்தா அதிலிருந்து ஒரு போத்தை மதிலோரம் நட்டிருக்கிறார். தினமும் காலையில் காபிக்கு முன்னால் போய்ப் பார்க்கிறார். இதில் "உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறோம்" என்ற வாக்கியம் இல்லை. தேவையும் இல்லை.

"கண்ணா", "தாத்தா", "முருங்கை" போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுங்கள். "கிராண்ட்ஃபாதர்" என்று எழுதினால் அது வேறு யாரோ ஆகிவிடும். கேள்விகளை இரண்டுக்குள் நிறுத்துங்கள், அதுவும் ஆம் இல்லை என்று முடியாத கேள்வியாக இருக்கட்டும். "ஆர் யூ ஈட்டிங் வெல்?" என்பதற்குப் பதில் "எஸ்". "ஹூ சிட்ஸ் நெக்ஸ்ட் டு யூ அட் டின்னர்?" என்று கேட்டால் பதிலில் ஒரு ஆள் வருவார். விடுதி முகவரி ஒவ்வொரு வளாகத்துக்கும் வேறுபடும். அஞ்சல் பெட்டி எண் உள்பட முழு முகவரியைப் பிள்ளையிடமே கேட்டு வாங்குங்கள்.

இங்கே வேறு பொருள் தரும் நம் ஆங்கிலம்

சிலவற்றை மட்டும் சொல்கிறேன். "பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்" என்றால் மயங்கி விழுந்தான் என்று ஆகும். "கிராஜுவேட்டட்" என்று எழுதுங்கள். "ஐ ஹாவ் எ டவுட்" என்றால் உங்களை நம்பவில்லை என்ற சாயல் வரும்; "க்வெஸ்ச்சன்" போதும். "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" புரியாது. "அவுட் ஆஃப் டவுன்". "கசின் பிரதர்" வேண்டாம், "கசின்". "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்பதை "ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று மாற்றுங்கள். "ஐ ஆம் நோயிங் ஹெர்" என்பது "ஐ நோ ஹெர்".

மற்றபடி உங்கள் ஆங்கிலத்தில் தமிழ்ச் சாயல் இருந்தால் இருக்கட்டும். அது உங்கள் குரல்.

உறை, தபால்தலை

1. உறையின் நடுவில் பெறுபவர் முகவரி, மூன்று வரியில். முதல் வரி பெயர். இரண்டாவது வீட்டு எண், தெரு. அடுக்ககம் என்றால் அதே வரியில் அடுக்கக எண்ணும். மூன்றாவது ஊர், மாநிலத்தின் இரண்டெழுத்துச் சுருக்கம், ஜிப் எண். பிஸ்கட்டவேக்கு 08854. முதல் சுழியத்தை விட்டுவிடாதீர்கள்.

2. எல்லாம் பெரிய எழுத்தில், காற்புள்ளி இல்லாமல். பிரித்தெடுக்கும் எந்திரம் படிப்பதற்கு அதுதான் எளிது. "கோயில் எதிரில்", "பள்ளிக்கூடம் பின்புறம்" போன்ற நம் ஊர் அடையாளங்கள் வேண்டாம்.

3. இடது மேல் மூலையில் உங்கள் பெயர், முகவரி. இதை விட்டால் கடிதம் திரும்பி வர வழியில்லை.

4. வலது மேல் மூலையில் தபால்தலை. உள்நாட்டுக்கு ஒரு 'ஃபாரெவர்' தபால்தலை ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரை செல்லும். 2025 ஜூலையில் இதன் விலை 78 சென்ட் ஆனது. விலை ஏறினாலும் பழைய ஃபாரெவர் தலை செல்லும். 2016 அக்டோபர் 5 அன்று வெளியான அகல் விளக்குப் படம் போட்ட தீபாவளித் தபால்தலை இன்னும் உங்கள் மேசை இழுப்பறையில் இருந்தால், அதையே ஒட்டலாம்.

5. சதுர உறை அழகாக இருக்கும், ஆனால் எந்திரத்தில் ஓடாது என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். உள்ளே தடிப்பான பொருள் வைத்துக் கால் அங்குலத்துக்கு மேல் புடைத்தாலும் கடிதக் கட்டணத்தில் போகாது.

6. இந்தியாவுக்கு எழுதுவதென்றால் கடைசி வரியில் 'இந்தியா' என்று பெரிய ஆங்கில எழுத்தில் தனியாக, அதற்கு மேல் வரியில் பின்கோடு. 'குளோபல் ஃபாரெவர்' தபால்தலை ஒன்று ஒரு அவுன்ஸுக்குப் போதும். 2025 ஜூலையில் அதன் விலை 1 டாலர் 70 சென்ட் ஆனது.

பாதுகாப்பு

அண்டை வீட்டுக்குத்தானே என்று தபால்தலை ஒட்டாமல் அவர்கள் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வராதீர்கள். பெட்டி வீட்டுக்காரர் காசில் வாங்கி நட்டதாக இருந்தாலும், தபால்தலை இல்லாத கடிதத்தை அதில் போடுவதை மத்திய அரசுச் சட்டம் தடை செய்கிறது; அபராதம் உண்டு. கையில் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் வாசற்கதவில் செருகுங்கள் அல்லது ஒட்டுங்கள்.

ரொக்கம், காசோலை, பரிசு அட்டை எதையும் கடிதத்தோடு வைக்காமல் இருப்பதே நல்லது. சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வீட்டுப் பெட்டியில் வைத்த உறைகளைத் திருடி, காசோலையின் மையை ரசாயனத்தால் கழுவி, வேறு பெயர் எழுதிப் பணம் எடுப்பது நாடெங்கும் நடக்கிறது. காசோலை வைத்தே ஆக வேண்டுமென்றால் ஜெல் மையில் எழுதித் தபால் நிலையத்துக்குள் போய்க் கொடுங்கள். தெருவோர நீலப் பெட்டியில் போடுவதாக இருந்தால், அதன்மேல் ஒட்டியுள்ள கடைசி எடுப்பு நேரத்துக்கு முன் போடுங்கள். இரவு முழுக்க அதில் கிடக்க விடாதீர்கள்.

சமூகப் பாதுகாப்பு எண், பாஸ்போர்ட் எண், வங்கி விவரம் எதுவும் சொந்தக் கடிதத்தில் வரக்கூடாது. "டிசம்பர் முழுக்க நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம்" என்ற செய்தியை அயலாருக்கு நேரில் சொல்லுங்கள்.

தபால்காரருக்குக் கிறிஸ்துமஸ் நேரத்தில் நன்றி அட்டை எழுதும் நல்ல பழக்கம் இங்கே உண்டு. அவருக்கு ரொக்கம் கொடுக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள், ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 50 டாலருக்கு மிகாமல் பரிசுப் பொருள் பெற்றுக்கொள்ள அவருக்கு விதி இடம் தருகிறது. பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கடிதம் திரும்பி வந்தால்

மஞ்சள் சீட்டு ஒட்டித் திரும்பி வரும். அதில் காரணம் அச்சாகியிருக்கும்: முகவரி போதவில்லை, ஆள் இடம் மாறிவிட்டார், தபால்தலை குறைவு. அடுக்கக எண் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய உறையில் அடித்துத் திருத்தி மறுபடி போடாதீர்கள். எந்திரம் பழைய பட்டைக்கோட்டைப் படித்து உங்களுக்கே திருப்பி அனுப்பும். கடிதத்தை அப்படியே எடுத்து, புது உறையில் வைத்து, புதுத் தபால்தலை ஒட்டி அனுப்புங்கள். தேதியை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதிய நாள் எது என்று அவருக்குத் தெரியட்டும்.